இஸ்திரிப் பெட்டி உட்கார ஓர் இடம்

தனம் அக்கா சொம்பை வைத்துச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள்.

காலை வேன் ஓட்டம் முடிந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய, பால் கலக்காத கோப்பி-ஓ விரலில் தொங்க, நான் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது கண்ட காட்சி இது. பினாங்கில், டத்தோ கிராமாட்டில் பழைய அடுக்குமாடி வீடு. கூடத்தின் நடுவில் இஸ்திரிப் பலகை. அதன்மேல் மகள் மலரின் வெள்ளைச் சட்டை. காலர்மேல் அடி தட்டையான எவர்சில்வர் சொம்பு, சொம்பு நிறையக் கொதிநீர். சொம்பின் கழுத்தைத் துண்டால் சுற்றிப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தாள். ஆவி அவள் மூக்குக் கண்ணாடியை மூடியிருந்தது.

என் செருப்புச் சத்தம் கேட்டதும் சொம்பைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். பலகைக்கு இடப்பக்கம் இருந்த நாற்காலி. வலது கையால் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகப் பார்த்தாள். கை பாதி வழியில் நின்றுவிட்டது.

“என்னக்கா இது?”

“காலர் மட்டும்தான் தம்பி. காலர் நின்னா போதும், மிச்ச சட்டை தானா நிக்கும்.”

சொம்புத் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் காலருக்கு முன்னால் அவள் வயிறு வெந்திருக்கும். கோப்பியை இரண்டு கிளாஸில் ஊற்றினேன். குடித்தோம்.

போன வாரம் இந்தப் பத்தியில் வேன் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாக்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த ஓர் அம்மா பசாரில் என்னை மடக்கி, ஊரான் வீட்டு டப்பாவையே திறந்து பார்க்கிறீர்களே, உங்கள் வீட்டு டப்பாவில் ஒன்றும் இல்லையா என்று கேட்டுவிட்டார். நியாயம்தான். ஆகவே இந்த வாரம் எங்கள் வீட்டு டப்பா.

ரப்பர் பாயில் ஒரு வடு

தனம் என் மூத்த அக்கா. அத்தான் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. மகள் மலர் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். ஒரு நாள் காலை வேலை, ஒரு நாள் மாலை வேலை. எந்த வேலைக்குப் போனாலும் சட்டை வெள்ளையாக, மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும். அந்தச் சட்டையை அக்காதான் தேய்ப்பாள். மலர் குளித்துவிட்டு வரும்போது சட்டை ஹாங்கரில் தொங்கும். தொட்டால் சூடு இருக்கும். அந்தச் சூட்டோடு போட்டுக்கொண்டு போவாள்.

இரண்டு மழைக்காலத்துக்கு முந்தி அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பியது, நடை திரும்பியது. வலது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. கரண்டி பிடிக்கும், கிண்டாது. சீப்பு பிடிக்கும், சீவாது. “இந்தக் கை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி தம்பி, உக்காந்திருக்கும், வேலை செய்யாது” என்பாள். இப்படி மனிதர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லும் விதம் இருக்கிறதே, அதைக் கேட்கத்தான் நான் வேன் ஓட்டுகிறேன் என்று என் மனைவி இந்திரா சொல்வாள்.

ஆனாலும் அக்கா தேய்ப்பதை விடவில்லை. ஒரு நாள் அவள் தனியாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெட்டி நழுவிக் கீழே விழுந்தது. கால் விரலுக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை. தரையில் விரித்திருந்த ரப்பர் பாய் உருகி, இஸ்திரிப் பெட்டியின் அச்சு அப்படியே பதிந்துவிட்டது. இன்றைக்கும் அந்த வடு அங்கேதான் இருக்கிறது, கறுப்பாக, படகு மாதிரி.

மலர் அம்மாவைத் திட்டவில்லை. பெட்டியின் ஒயரைச் சுற்றி, தன் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மறுநாளிலிருந்து சட்டைகள் டோபிக் கடைக்குப் போயின.

“திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும் தம்பி,” என்றாள் அக்கா, கோப்பி கிளாஸைப் பார்த்துக்கொண்டு. “டோபிக்காரன் காலரை மடிச்சு வைக்கிறான், தேய்க்கல. அவ அதப் போட்டுக்கிட்டுப் போறா. நான் கதவுல நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அன்று மாலை மலரிடம் பேசினேன். சொம்பு விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளிறிவிட்டது. அவளைக் கொடுமைக்காரி என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. பாய் உருகிய அன்று வேலை முடிந்து வந்திருக்கிறாள். லிப்ட் கதவு திறந்ததுமே ரப்பர் கருகிய நாற்றம்.

“கதவு முன்னாடி நிக்கிறேன் மாமா. சாவி துவாரத்துல நுழையவே மாட்டேங்குது. உள்ள என்ன ஆயிருக்கோன்னு தெரியல. அந்த நேரத்த இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது.”

இருவர் பக்கமும் நியாயம் இருந்தால் நடுவில் நிற்பவன் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். தேய்ப்பதில் ஆபத்து இல்லை, ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைக்கிறாள் பார், அங்கேதான் ஆபத்து என்றேன். பெட்டி பத்திரமாக உட்கார பலகைக்குப் பக்கத்தில் ஓர் இடம் செய்து தருகிறேன் என்றேன்.

மலர் நிபந்தனை போட்டாள். செய்து முடித்ததும் தன் லீவு நாளில் அம்மா தன் கண்முன்னால் ஒரு சட்டை தேய்க்க வேண்டும். மனசுக்குச் சரி என்று பட்டால் பெட்டியைத் தருவாள், இல்லையென்றால் இல்லை. அதுவரை வீட்டில் எந்த இஸ்திரிப் பெட்டியையும் நான் விட்டுவிட்டுப் போகக் கூடாது, சொம்பும் அடுப்படியைத் தாண்டி வரக் கூடாது.

ஒத்துக்கொண்டேன். அக்காவும் ஒத்துக்கொண்டாள், மாணவி மாதிரித் தலையை ஆட்டி.

உட்காரணுமா, படுக்கணுமா

நான் தச்சனும் இல்லை, என்ஜினியரும் இல்லை. கெலுகோரிலிருந்து டத்தோ கிராமாட் வரை பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன். ஆனால் காலை ஓட்டத்துக்கும் மதிய ஓட்டத்துக்கும் நடுவில் நேரம் கிடக்கிறது. அந்த நேரத்தில்தான் வேன் சீட்டைத் தைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன், குழாய் மாற்றக் கற்றுக்கொண்டேன், உங்களுக்கு எழுதவும் கற்றுக்கொண்டேன். மூன்றுமே சில இடங்களில் ஒழுகும்.

எங்கள் பக்கத்து ஹார்ட்வேர் கடைச் சீனருக்கு எழுபது தாண்டியிருக்கும். மலாய் பேசுவார், நடுநடுவே தமிழும் வரும். விஷயத்தைச் சொன்னேன். ஆணி எண்ணிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மாவ் டுடோக் கா, மாவ் பாரிங்?”

பெட்டி உட்காரணுமா, படுக்கணுமா?

இஸ்திரிப் பெட்டியை ஓய்வாக வைக்க இரண்டு வழி உண்டு. பின்பக்கத்தை ஊன்றி மூக்கு வானத்தைப் பார்க்க நிறுத்துவது ஒன்று. அடித்தகடு கீழே பட அப்படியே தட்டையாகப் படுக்க வைப்பது இன்னொன்று. உலகமே நிமிர்த்தித்தான் வைக்கிறது. ஆகவே உட்காரட்டும் அங்கிள் என்றேன். பலகையின் ஓரத்தில் திருகாணி போட்டு மாட்டும் கம்பிக் கூடை ஒன்றைக் கொடுத்தார்.

பலகையின் வலது ஓரத்தில் மாட்டினேன். என் வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோய், சூடு போடாமல் அக்காவைத் தேய்க்கச் சொன்னேன். இழுத்தாள், நன்றாகவே வந்தது. கூடையில் வைக்க மணிக்கட்டைத் திருப்பினாள். மணிக்கட்டு திரும்பவில்லை. தோள், இடுப்பு, உடம்பு முழுவதும் சேர்ந்து திரும்பியது. போதாக்குறைக்கு, பெட்டியின் பாரம் ஓரத்தில் இறங்கியதும் பலகையின் மறுமுனை எழும்பிக்கொண்டது.

“பலகையே எனக்கு எழுந்து நின்னு மரியாதை செய்யுது தம்பி” என்றாள்.

கூடையைக் கழற்றிக்கொண்டு திரும்பக் கொடுத்தேன். படுக்கட்டும் அங்கிள் என்றேன். அவர் சிரித்தார். வயசானால் எல்லாரும் அப்படித்தான், தனக்கும் உட்காருவதைவிடப் படுப்பதுதான் பிடிக்கிறது என்றார்.

இந்திராவின் தோசைக் கல்

படுக்க வைப்பதென்றால் என்ன வேண்டும்? சூட்டுக்கு அசையாத, தட்டையான, பாரமான ஒரு பரப்பு. பலகையின் மட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அப்போது பெட்டியைத் தூக்கவே வேண்டாம், துணிமேல் இழுத்த அதே இழுப்பில் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிடலாம். படகைக் கரையில் ஏற்றுவது மாதிரி.

சூட்டுக்கு அசையாத, தட்டையான, பாரமான பொருளைத் தேடி ஒரு தமிழன் எங்கே போவான்? அடுப்படிக்குத்தான்.

இந்திரா கோவிலுக்குப் போயிருந்த நேரம் அவள் தோசைக் கல்லை எடுத்தேன். பழைய இரும்புக் கல். சோப்புப் போட்டு, கம்பிச் சுருள் போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பளபளத்தது. அதை ஒரு ஸ்டூல்மேல் ஏற்றி, பலகையோடு மட்டம் பார்த்து, வலப்பக்கம் நிறுத்தினேன். இந்தத் தடவை உண்மையான சூட்டில் சோதனை. நானே பக்கத்தில் நின்றேன். மலரின் வெள்ளைச் சட்டை.

மெதுவாகத் தள்ளினால் போனது, இழுத்தால் வந்தது. அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்கோ, கண்டுபிடிப்பாளர்களுக்கு வரும் ஒரு நெஞ்சு நிமிர்வு. கோப்பி குடிக்கப் பெட்டியைக் கல்மேல் விட்டோம். திரும்பி வந்து சட்டையின் முதுகில் ஓர் இழுப்பு இழுத்தாள்.

பழுப்பாக ஒரு கோடு. கூடவே எண்ணெய் வாசம்.

எத்தனை வருடமாக நல்லெண்ணெய் குடித்த கல் அது. மேலே தேய்த்தால் போகுமா? சூடு ஏறியதும் உள்ளே இருந்ததெல்லாம் கசிந்து, பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அக்கா சட்டையை மோந்து பார்த்தாள். “இதப் போட்டுக்கிட்டு ஹோட்டல்ல நின்னா, வர்ற வெள்ளைக்காரன் ரூம் சாவி கேக்க மாட்டான் தம்பி. சட்னி கேப்பான்.”

பக்கவாதத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரிப்பில் வாய் ஒரு பக்கம் கோணியது. அதை மறைக்க அவள் மறந்துபோனாள்.

சாம்பல் போட்டுத் தேய்த்த கல்லில் அதற்குப் பிறகு பல வாரம் தோசை எழும்பவில்லை. மாவை ஊற்றினால் பிய்ந்து பிய்ந்து வந்தது. இந்திரா பிய்ந்ததையெல்லாம் பொறுக்கி என் தட்டில் மட்டும் வைத்தாள்.

முகப் பவுடர்

அடுத்து ஒரு கருங்கல் துண்டு கிடைத்தது. சிம்பாங் அம்பாட்டில் அடுப்படி மேடைக்குக் கல் அறுத்துத் தருகிற இடத்தில், மூலையில் கழித்துப் போட்டிருந்த துண்டுகளில் ஒன்று. எண்ணெய் காணாத கல். பாதம் அகலமான ஒரு கட்டை ஸ்டூல்மேல் அதைப் பதித்து, பெட்டி வழுக்கி விழாமல் மூன்று பக்கமும் அலுமினிய விளிம்பு அடித்தேன். பலகையைத் தொடும் நான்காவது பக்கம் திறந்தது, அதுதான் வாசல். ஸ்டூலுக்கும் பலகைக்கும் நடுவில் பெட்டியின் மூக்கு சிக்காமல் இருக்கத் தகரத்தால் ஒரு சின்னப் பாலம். ஸ்டூல் தனி, பலகை தனி. ஒன்றின் ஆட்டம் மற்றொன்றுக்குப் போகாது.

ஆனாலும் எனக்குத் திருப்தி இல்லை. நான் பக்கத்தில் நிற்கும்போது அக்காவிடம் எதைக் கேட்டாலும், சரியா இருக்குலா, நல்லா இருக்குலா என்பாள். தம்பி மெனக்கெடுகிறானே என்ற இரக்கம். நான் இல்லாதபோது கை எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டும். இஸ்திரிப் பெட்டியை விட்டுப் போவதில்லை என்று மலருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

ஆகவே மரத்தில் ஒரு போலி இஸ்திரிப் பெட்டி செய்தேன். ரப்பர் மரக் கட்டையைப் படகு வடிவில் அறுத்து, பழைய கதவுப் பிடியைத் திருகி, தூண்டில் ஈயம் வைத்துப் பாரம் ஏற்றினேன். அதன் அடியில் இந்திராவின் முகப் பவுடரைத் தடவினேன். எங்கெங்கே பெட்டி உட்காருகிறதோ அங்கெல்லாம் வெள்ளை ஒட்டும் அல்லவா? பவுடர் எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, துணியில் வழுக்கிப் போகத்தான் என்று சொல்லிவைத்தேன். கறுப்புக் கல்லில் வெள்ளை நன்றாகத் தெரியும். பழகிக்கொண்டிரு என்று சொல்லிவிட்டு மதிய ஓட்டத்துக்குப் போனேன்.

பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன். அக்கா குளியலறையில் இருந்தாள். கூடம் முழுக்கப் பவுடர் மணம், யாரோ கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி.

கல்லைப் பார்த்தேன். ஒரே ஒரு வெள்ளைத் தடம், அதுவும் ஓரமாக, அரைகுறையாக.

பலகையின் மறுபக்கம் பார்த்தேன். இடது ஓரம் முழுவதும் வெள்ளை. அங்கே இருந்த நாற்காலியின் இருக்கை, மேலே போட்டிருந்த மடித்த துணி, எல்லாம் தடத்தின்மேல் தடமாக வெளுத்துக் கிடந்தன. அன்று சொம்பு உட்கார்ந்திருந்த அதே நாற்காலி.

இனிப்புக் கை

கொஞ்சம் வழி மாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேன் நிற்கும் இடத்தில் ஒரு மலாய்க்கார அக்கா நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கிறார். ஏதாவது சின்னப் பிள்ளை இடது கையை நீட்டினால் பொட்டலத்தைக் கொடுக்க மாட்டார். “மானா தாங்கான் மானிஸ்?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார். இனிப்புக் கை எங்கே? பிள்ளை வெட்கப்பட்டு வலது கையை நீட்டும். இனிப்புக் கை என்றால் வலது கை. நம் வீடுகளில் இதே விஷயத்தை இவ்வளவு இனிப்பாகச் சொல்வதில்லை. இடது கையால் கொடுத்தால் கையிலேயே ஒரு தட்டு விழும். பினாங்கில் யார் வீட்டில் வளர்ந்தாலும் இது ஒன்று மட்டும் பொது.

எனக்கே இப்படித்தான். பெட்ரோல் நிலையத்தில் அவசரத்தில் இடது கையால் காசை நீட்டிவிட்டால் வலது கை ஓடி வந்து அதன் முழங்கையைத் தாங்கிக்கொள்ளும், மன்னிப்புக் கேட்பது மாதிரி. யோசித்துச் செய்வதில்லை, உடம்பு தானாகச் செய்கிறது.

அக்கா முகம் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். நான் பார்ப்பதையும் பார்த்தாள். பவுடர் எதற்கு என்று அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது.

“திருட்டுப் பயலே,” என்றாள்.

பிறகு உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்தே இடது கையால்தான் தேய்க்கிறாள். யாரும் இல்லாத நேரம் மட்டும். இடது கை பாவம், நன்றாகப் பழகிக்கொண்டதாம். பெட்டி விழுந்த அன்றும் இடது கையால்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ராஜம்மா முறுக்குத் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். அக்கா அவளைக் கண்டதும் சட்டென்று பெட்டியை வலது கைக்கு மாற்றினாள். வலது கை வாங்கவில்லை.

அவ்வளவுதான் விஷயம். பலவீனமான கையால் தேய்த்ததால் பெட்டி விழவில்லை. பலமான கையை மறைத்ததால் விழுந்தது. நான் என்னவென்றால் வாரக்கணக்கில் வலப்பக்கமே கல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

“ஏன்கா சொல்லல?”

“என்னன்னு சொல்றது? அவ அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுத்தான நாலு பேரு முன்னாடி நிக்கிறா. இந்தக் கையால தேய்ச்சுக் குடுத்தேன்னு தெரிஞ்சா அவளுக்கு மனசு ஒப்புமா? எனக்கே ஒப்பல தம்பி. தேய்ச்சு முடிச்சதும் வலது கையால ஒரு தடவ தடவித்தான் ஹாங்கர்ல மாட்டுவேன்.”

மலரிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். நான் சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் ஸ்டூலை இடப்பக்கம் நகர்த்தினேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று இந்தக் கை, அந்தக் கை என்று பேசலாம். கொதிக்கிற பெட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்றேன். அக்கா நாற்காலித் துணியை எடுத்துப் பவுடரை உதறினாள்.

ஒரு சட்டை

மலரின் லீவு நாளில் மழை. கூடத்தில் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துத் துண்டு சுற்றிக்கொண்டு மலர் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த இஸ்திரிப் பெட்டி. ஒயர் இன்னும் சுற்றியபடியே இருந்தது.

நான் இடப்பக்கம் வைத்திருந்த ஸ்டூலை அக்கா பார்த்தாள். மலருக்குக் கேட்காமல், “அந்தப் பக்கம் வைடா” என்றாள். நான் தயங்கினேன். அவள் கண் கெஞ்சியது. வலப்பக்கம் நகர்த்திவைத்தேன். வேறு என்ன செய்வது? கை அவளுடையது.

மலர் பெட்டியைக் கொண்டுவந்து பலகைமேல் வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு சோபாவுக்குத் திரும்பினாள். தான் கிட்டே வரப்போவதில்லை, மாமாவும் கை கொடுக்கக் கூடாது என்றாள். குரல் கண்டிப்பாகத்தான் இருந்தது. விரல்கள் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

அக்கா வலது கையால் பெட்டியைப் பிடித்தாள். சட்டையின் முதுகில் ஓர் இழுப்பு. வந்தது. இரண்டாவது இழுப்பில் பெட்டியின் மூக்கு விலகித் துணியில் ஒரு புது மடிப்பு விழுந்தது. கல்லுக்குத் தள்ளினாள். பெட்டி பாலத்தின்மேல் ஏறியது, பாதியில் நின்றது. மூக்கு கல்மேல், வால் பலகைமேல். அக்காவின் தோள் நடுங்கியது. நெற்றியில் வேர்வை.

மலர் எழுந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். போதும் மாமா, நிறுத்திவிடலாம் என்று அந்தப் பார்வை சொன்னது.

அக்கா தரையில் இருந்த கறுப்பு வடுவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியை மெல்லத் தள்ளிக் கல்மேல் முழுதாக ஏற்றிவிட்டு, கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள்.

“தம்பி,” என்றாள், என்னைப் பார்க்காமல். “எனக்கு அந்தப் பக்கமே வை.”

பெட்டியைப் பலகைமேல் நிமிர்த்தி வைத்துவிட்டு ஸ்டூலை இடப்பக்கம் நகர்த்தினேன். பாலம் பலகையைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு, பெட்டியைக் கல்மேல் வைத்தேன்.

அக்கா மலருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், மறைப்பது மாதிரி. இடது கை பெட்டியைப் பிடித்தது. அடுத்த நிமிடம் வேறொரு மனுஷியைப் பார்த்தோம். சட்டையின் முதுகுக்கு ஓர் இழுப்பு. தோள்பட்டை. கல்லுக்கு ஒரு தள்ளு, தகரத்தில் ஒரு சின்ன ‘டக்’, பெட்டி படுத்துவிட்டது. வலது கை துணியை நீவி விரித்துக் கொடுத்தது, அந்த வேலைக்கு அது போதுமானதாக இருந்தது. மறுபடி ‘டக்’. பித்தான் நடுவே மூக்கு நுழைந்து வெளியே வந்தது. கடைசியாகக் காலர். உள்பக்கம் முதலில், பிறகு வெளிப்பக்கம், நுனியிலிருந்து நடுவுக்கு. சூட்டுத் துணியின் மணம் கூடத்தில் பரவியது. எத்தனையோ மாதமாக அந்த வீட்டில் இல்லாத மணம்.

மலர் எப்போது பக்கத்தில் வந்து நின்றாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பார்வை அம்மாவின் இடது கையில் இருந்தது, பிறகு தரையில் இருந்த வடுவில், பிறகு மறுபடியும் கையில்.

“அன்னிக்கும் இந்தக் கையாலதான் தேய்ச்சுக்கிட்டு இருந்தியாமா?”

அக்கா தலையை ஆட்டினாள்.

“யாரோ வந்தாங்க. இப்ப எங்ககிட்ட மறைச்ச மாதிரி மறைக்க, கை மாத்தின.”

அதற்கும் தலையை ஆட்டினாள். ராஜம்மா, முறுக்கு என்று ஏதோ சொல்லத் தொடங்கி, விட்டுவிட்டாள். சுவிட்சை அணைத்தாள். ஹாங்கரை எடுத்துச் சட்டையை மாட்டினாள். மாட்டிய ஹாங்கர் இடது கையில் இருந்தது. அதை அப்படியே நீட்டினாள். நீட்டிய பிறகுதான் எந்தக் கை என்று அவளுக்கு உறைத்தது போலும். அவசரமாக வலது கையைத் தூக்கினாள், ஹாங்கரை அதற்கு மாற்ற.

மலர் முந்திக்கொண்டாள். அம்மாவின் இடது கையை, ஹாங்கரோடு சேர்த்து, தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“மாத்தாதம்மா,” என்றாள். “மாத்தும்போதுதான் விழுது.”

லீவு நாள், தலையில் எண்ணெய். இருந்தும் அந்தச் சட்டையை அப்போதே, வீட்டுச் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். காலர் நின்றது. சூடு ஆறுவதற்குள் கழுத்துவரை பித்தான் போட்டாள்.